படிகமும் பனிக்கட்டியும்

"ஐயா, படிகம் என்ற சொல் எப்படி வந்தது?"

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து இப்படிக் கேட்டபோது நமக்கு உள்ளூர ஒரே பூரிப்பு. மேசைமீது, படிகாரம் கரைத்த நீரில் தொங்கவிட்ட நூலைச் சுற்றி, எட்டு முகங்கொண்ட சிறு மணிகள் மின்னிக்கொண்டிருந்தன. "நூலிலே படிகிறது, ஆகவே படிகம்! இதற்கு அகராதி எதற்குத் தம்பி? தமிழே சொல்லுகிறதே!" என்றோம். கரும்பலகையிலும் பெரிதாக எழுதினோம். வகுப்பு மகிழ்ந்தது, நாம் அதைவிட மகிழ்ந்தோம்.

அன்றிரவு ஏதோ ஓர் ஐயம் உறுத்தவே, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனைப் புரட்டினோம். 'ஸ்படிகம்' என்னும் வடசொல்லின் வழி வந்ததாம் படிகம். படிதலுக்கும் அதற்கும் உறவே இல்லை! ஓசை ஒத்திருந்தது, உள்ளம் விரும்பியது, உரைத்துவிட்டோம். பிறர் சொல்லும் கதைக்கெல்லாம் சான்று கேட்கிற நாம், நம் மொழிச் சொல்லுக்கு மட்டும் சான்றின்றிப் பிறப்புக் கணிக்கலாமோ?

வெட்கத்தோடு மேலும் படித்தோம். சொல்லில் தடுக்கி விழுந்தவர் நாம் மட்டுமல்லர் என்பது தெரிந்தது. ஐரோப்பியர் 'கிறிஸ்டல்' என்கிறார்களே, அதன் வேர் கிரேக்கத்தில் உள்ளது. அங்கே அதன் பொருள் பனிக்கட்டி! மலைகளில் கிடைத்த தெளிந்த கல்லைக் கண்ட பழம் அறிஞர், கடுங்குளிரில் உறைந்து இறுகி, இனி உருகவே முடியாதபடி ஆகிவிட்ட பனிக்கட்டி என்றே அதை நம்பினர். உரோம நாட்டுப் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலின் 37-ஆம் பகுதியில் இதை ஐயமின்றி எழுதினார். அந்தக் கல்லில் செய்த கிண்ணம் வெப்பம் தாங்காது, குளிர்ந்த பானத்துக்கே ஏற்றது என்றும் கூறினார். உண்மையில் அந்தக் கல் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. உருக வேண்டுமானால் 1,600 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டதே படிகம் என்று அறிவியல் கண்டபின், பனிக்கட்டியும் படிகங்களுள் ஒன்றாகிவிட்டது!

1861-இல் தாமஸ் கிரகாம் என்ற வேதியியலார் இந்தச் சொல்லுக்கு வால் ஒன்று சேர்த்தார். தாள்போன்ற மென்சவ்வின் வழியே உப்பும் சர்க்கரையும் விரைந்து கசிந்தன. கோந்தும் பசையும் தயங்கின. முன்னவற்றைக் 'கிறிஸ்டலாய்டு', அதாவது படிகம் போன்றவை என்றார். பின்னவற்றுக்குப் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கொல்லாய்டு' எனப் பெயரிட்டார். அதைத்தான் நம்மவர் கூழிலிருந்து 'கூழ்மம்' என்று அழகாக ஆக்கிக்கொண்டனர். பொருள்களை அவர் இரு குலமாகப் பிரித்த பிரிவினை நிற்கவில்லை. ஒரே பொருள் இரு நிலையிலும் இருக்கக்கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நின்றது. மருத்துவமனையில் நரம்பு வழி ஏற்றும் உப்புநீரை மருத்துவர் இன்றும் கிறிஸ்டலாய்டு என்றே அழைக்கின்றனர்.

மறுநாள் வகுப்பில் நம் பிழையைச் சொன்னோம். சொல்லுமுன் நா சற்றே தயங்கியது உண்மை. வகுப்பு அமைதியாயிற்று. கேட்ட மாணவனே மீண்டும் எழுந்தான்.

"அப்படியானால் நேற்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா, ஐயா?"

"வேண்டாம் தம்பி. ஒரு கோடு மட்டும் இழு. பக்கத்தில் சரியானதை எழுது" என்றோம்.