கோடு போட்ட பக்கங்கள்

நான் நடத்திய ஜீவனாம்ச வழக்குகளில் ஒரே ஒன்றில்தான் ஒரு நாவல் சான்றாவணமாக வந்தது. 1993-ஆம் ஆண்டு. தஞ்சைப் பக்கத்து மாஜிஸ்டிரேட் கோர்ட். பெயர்களையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. மனுதாரர் 43 வயது அம்மாள். எதிர்மனுதாரர் அவருடைய கணவர். நெல் அரவை மில் வைத்திருந்தார். 23 வருடக் குடித்தனம், கட்டிக் கொடுத்த மகள், கல்லூரியில் படிக்கும் மகன். ஒருநாள் அந்த அம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவிக்குக் கணவன் மாதாமாதம் பணம் தர வேண்டும் என்றது. அதிலேயே சில தடைகளும் இருந்தன. தக்க காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுத்தால் பணம் கிடையாது. கள்ள உறவில் வாழ்ந்துவந்தாலும் கிடையாது. மில்காரரின் வக்கீல் இரண்டாவது தடையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் குடியிருந்த தமிழாசிரியர் ஒருவர் அந்த வீட்டுக்குப் புத்தகங்கள் கொடுத்துவந்தார். அவரோடுதான் தொடர்பு என்று பதிலுரை போட்டார்கள். வழக்கு முடிவதற்குள் ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று அவர் எங்கே போய் நிரூபிப்பார்?

அவர்கள் தாக்கல் செய்த பெரிய ஆதாரம், அந்த ஆசிரியரின் பெயர் எழுதிய ஒரு நாவல்: தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’. பெஞ்ச் கிளார்க் அதில் முத்திரை குத்தி, எக்ஸிபிட் ஆர்.3 என்று குறியிட்டார். 1966-இல் வந்த அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களுக்குக் கதை தெரியும். பாடசாலையில் வேதம் படித்து முடித்து வீடு திரும்புகிற அப்பு, தன் தாய் அலங்காரத்துக்கு இன்னொருவரோடு பல வருடங்களாக உறவு இருப்பதை உணர்கிறான். அப்பா தண்டபாணிக்கும் அது தெரியும் என்பதையும் உணர்கிறான். புத்தகத்தில் பல இடங்களில் பென்சில் கோடுகள் இருந்தன. அவை மனுதாரர் போட்டவை என்பதில் தகராறு இல்லை. அலங்காரத்தைப் படித்து, கோடு போட்டு, அதே வழியில் போனார் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

அந்த இரண்டு மாதமும் எங்கள் வக்கீல்கள் அறையில் வேறு பேச்சே இல்லை. பெற்ற தாயைப் பற்றி ஒருத்தன் இப்படி எழுதலாமா என்று மூத்தவர் ஒருவர் கொதித்தார். அவர் அந்தக் காலத்திலேயே பாதியில் மூடி வைத்தவர். எதிர்த்த மேஜைக்காரர் மூன்று முறை படித்தவர். தவறு செய்த ஒரு பெண்ணை, அவளுடைய கம்பீரம் குறையாமல் காட்டியிருக்கிற எழுத்து என்று அடித்துச் சொன்னார். எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு அலங்காரமும் முக்கியமில்லை, அப்புவும் முக்கியமில்லை; அப்புவின் மேல் உயிரை வைத்திருக்கும் இளம் விதவை இந்துவைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பதுதான் அவருடைய வருத்தம். இத்தனை பேரும் அலசியது ஒரே புத்தகத்தைத்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால்தான் சான்றாவணத்தைப் பார்வையிட அனுமதி கேட்டு மனுப் போட்டேன்.

ஒரு பிற்பகல், பெஞ்ச் கிளார்க்கின் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அழுத்தாமல், ஸ்கேல் வைத்து இழுத்த மெல்லிய கோடுகள். மொத்தம் பதினோரு இடம். அலங்காரம் வருகிற பெரிய கட்டங்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஒன்பது கோடுகள் தண்டபாணியைப் பற்றிய வரிகளுக்குக் கீழே இருந்தன. எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல், அதே வீட்டில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கணவரைப் பற்றிய வரிகள். அந்த அம்மாள் தன்னை எந்தப் பாத்திரத்தில் பார்த்தார் என்பது புரிந்தபோது, எனக்குக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் தங்கை வீட்டுத் திண்ணையில் கேட்டேன். மறைக்கவில்லை. பக்கத்து டவுனில் மில்காரருக்கு இன்னொரு வீடு இருந்தது. கல்யாணம் என்று எதுவும் நடக்கவில்லை, ஆனால் ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. ஐந்து வருடமாக இவருக்குத் தெரியும். கணவன் வேறொரு பெண்ணை வைத்திருந்தால், மனைவி அவனோடு வாழ மறுப்பதற்கு அதுவே நியாயமான காரணம் என்று 125-ஆம் பிரிவின் விளக்கமே சொன்னது. “அம்மா, இதைக் கூண்டில் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவில் வழக்கு முடிந்துவிடும்” என்றேன்.

“வேண்டாம் தம்பி. அந்தப் புள்ளையும் இதே ஊருக்குள்ள நாளைக்குப் பள்ளிக்கூடம் போவணும். அதை எதுக்குக் கோர்ட்டுல இழுக்கணும்?”

நான் வாதாடிப் பார்த்தேன். பிறகு யோசித்தபோது, அவர் சட்டத்தைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார் என்று தெரிந்தது. தாம்பத்தியத்தில் பிறந்த குழந்தை கணவனுடையதே என்று கொள்ளச் சொன்னது சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. தண்டபாணி வீட்டுக் குழந்தைகளைப் போன்றவர்களுக்கு அந்தப் பிரிவு ஒரு கூரை. இந்தப் பெண் குழந்தைக்கு அந்தக் கூரை இல்லை. திறந்த கோர்ட்டில் ஒருமுறை பேசப்பட்டால் அது ஆயுசுக்கும் அவளோடு வரும்.

ஆகவே கையில் இருந்த வலுவான ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வாதாடினேன். ஒரு தடவை வழுக்கினால் மட்டும் போதாது, தொடர்ந்து அப்படி வாழ்ந்தால்தான் தடை என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருந்தன. இங்கே ஒரு தடவைக்கும் சாட்சியம் இல்லை. தனியே வாழத் தக்க காரணம் என்ன என்ற கேள்விக்கு, மில்காரரின் பதிலுரையையே எடுத்துக் காட்டினேன்: ஆதாரம் இல்லாமல் மனைவியின் நடத்தையில் பழி சுமத்திய பிறகு, அவர் எப்படி அந்த வீட்டுக்குத் திரும்புவார்? புத்தகத்தைப் பொறுத்தவரை, சமரேஷ் பாசுவின் ‘பிரஜாபதி’ நாவல் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழியைச் சொன்னேன். அது ஆபாச வழக்குதான். ஆனாலும் ஒரு நாவலை எழுதியவரின் இடத்திலிருந்தும் வாசகரின் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்ற நெறி இங்கேயும் பொருந்தும் என்றேன்.

குறுக்கு விசாரணையில் மில்காரரிடம் புத்தகத்தைப் பற்றி இரண்டே கேள்விகள் கேட்டேன். இதை முழுக்கப் படித்திருக்கிறீர்களா? படித்ததாகச் சொன்னார். கோடு போட்ட இடங்கள் எந்தப் பாத்திரத்தைப் பற்றியவை என்று பார்த்துச் சொல்ல முடியுமா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். முதல் கோடு, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் விரல் நின்றது. தலையைத் தூக்கி, எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஞாபகமில்லை” என்று பதிவானது. அடுத்த கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தேன்.

மாஜிஸ்டிரேட் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தார். ஒரு நூலைப் படித்ததும் கோடு போட்டதும் நடத்தைக்குச் சாட்சியம் ஆகாது என்று ஒரே வரியில் ஆர்.3-ஐத் தள்ளினார். ஆனால் தொகை? மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க அவருக்கே அதிகாரம் இல்லை. அந்த உச்சவரம்பு 1955-இல் வைத்தது, 2001-இல்தான் எடுத்தார்கள். மில் எத்தனை மூட்டை அரைத்தாலும் அந்த அம்மாளுக்கு 500 ரூபாய்தான். விவாகரத்துக்குப் போட்டால் அதிகம் கேட்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே என்று மறுத்துவிட்டார். தங்கை வீட்டுப் பின்கட்டில் அப்பளம் இட்டு விற்றார்.

சீராய்வு மனுப் போட 90 நாள் கெடு. மில்காரர் போடவில்லை. கெடு முடிந்ததும், தன் புத்தகம் இல்லைதான், இருந்தாலும் அது தனக்கு வேண்டும், வாங்கித் தர முடியுமா என்று அந்த அம்மாள் கேட்டனுப்பினார். சான்றாவணத்தைத் தாக்கல் செய்த தரப்பிடமே திருப்பித் தருவதுதான் நடைமுறை. என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தும் விசாரிக்கப் போனேன்.

பெஞ்ச் கிளார்க் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். முந்தின வாரமே மில்காரர் மனுப் போட்டிருந்தார். வக்கீலையோ குமாஸ்தாவையோ அனுப்பாமல், தானே வந்து, ஆர்.3-க்கு நேராகக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போயிருந்தார். மற்ற ஆவணங்களைக் கேட்கவே இல்லையாம்.

“வராண்டா பெஞ்சிலேயே உக்காந்து ரொம்ப நேரம் அதைப் பிரிச்சு வெச்சுக்கிட்டிருந்தார் சார். ஆபீஸ் பூட்டணும்னு நான்தான் போய்ச் சொன்னேன்” என்றார் கிளார்க்.