பானெட்டைத் திறந்த கதை

2010-இல் புதுச்சேரி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான மதுரைக்கு வந்து வில்லாபுரத்தில் குடியேறினேன். ஓய்வுப் பணத்தில் செய்த ஒரே ஆடம்பரம் ஒரு பழைய மாருதி 800. அறுபது வயதில் கார் ஓட்டப் பழகினேன். ஓட்டத் தெரிந்ததே தவிர, பானெட்டைத் திறக்கத் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மார்கழி இரவு. மணி ஒன்று இருக்கும். மனைவிக்கு மூச்சுத் திணறல். அவளைக் காரில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். மறுபடியும் 'டிக்'. பக்கத்துத் தெரு ஆட்டோக்காரத் தம்பியை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் என் உயிர் என்னிடம் இல்லை. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவனியாபுரம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி வந்து பார்த்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு ஐயா. டெர்மினல் பூத்துப்போச்சு."

பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் போல ஏதோ பூத்திருந்தது. வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றித் தேய்த்து, நட்டை முறுக்கினார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. மொத்தம் பத்து நிமிஷம்! அந்தப் பத்து நிமிஷ வேலை தெரியாமல்தான் அவளை நடுத்தெருவில் நிற்க வைத்தேன்.

இத்தனைக்கும் நான் மோட்டார் எஞ்சினைப் பற்றிப் படித்தவன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், நான்கு வீச்சு எஞ்சினின் படம் வரைந்து 'அத்மிசியோன், கொம்ப்ரெசியோன், எக்ஸ்ப்ளோசியோன், எஷாப்மான்' என்று பாகம் குறித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். பிரெஞ்சில் ஸ்பார்க் பிளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் ஒரே பெயர், 'பூஜி'. வார்த்தை தெரியும், சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அடுத்த ஞாயிறு முதல் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். "ஐயா, கையெல்லாம் கறையாகுமே" என்றார் தம்பி. "நாற்பது வருஷம் இங்க் கறைதான் தம்பி, இனி கிரீஸ் கறை" என்றேன். மூன்று சிலிண்டர், மூன்று பிளக் என்று விரல் வைத்துக் காட்டினார். நான் மனப்பாடம் செய்த நான்கு பிரெஞ்சு வார்த்தைகளையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார்: "இழுக்கும், அமுக்கும், வெடிக்கும், புகையை வெளிய தள்ளும்." அறுபத்திரண்டு வயதில் அன்றுதான் அந்தப் பாடம் புரிந்தது.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரின் உடம்பு முழுதும் மைனஸோடு சேர்ந்திருப்பதால், பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பானர் தகரத்தில் பட்டால் பொறி பறக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான். எங்கள் போர் உப்புத் தண்ணீர் ஆகாது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில், தண்ணீர் அளவு என்று பதிவேடும் போட்டேன். குமாஸ்தா புத்தி! தம்பி முதலில் சிரித்தார். ரேடியேட்டரில் வாராவாரம் தண்ணீர் குறைவதை அந்த நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. ஹோஸ் பைப்பில் கசிவு. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கோவை ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து வாங்கி, அதைப் பிரித்து மாட்டியே தொழில் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அவர் மேதை. நான் இன்றும் பிளக், பெல்ட், பேட்டரியைத் தாண்டவில்லை. பிரேக் என்றால் தம்பியிடம்தான். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்வதும் படிப்புதானே!

அடுத்த வருஷமும் ஒரு ராத்திரி அவளுக்கு இழுப்பு வந்தது. சாவியைத் திருப்பும்போது கை நடுங்கியது. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தின ஞாயிறுதான் டெர்மினலைத் துடைத்து வாஸ்லின் தடவியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்துப் புகை பிடித்து, விடியுமுன் வீடு திரும்பினோம். சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஒன்றும் நடக்காமல் போவதற்காகத்தானே அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும்!

இறங்கும்போது என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "கிரீஸ் கறை போகவே போகாது" என்றாள். போகவில்லைதான்.