கழற்றிவிட ஓர் ஆள்

துறைமுகத்துக்குப் போனால் கப்பலைப் பார்ப்போம், கிரேனைப் பார்ப்போம். கரையோரமாகத் தலை பெருத்த காளான் மாதிரி வரிசையாக நிற்கும் இரும்புக் கட்டைகளை யாரும் பார்ப்பதில்லை. தடுக்கி விழுந்தால்தான் உண்டு. பொல்லார்ட் என்று பெயர். கப்பலின் கயிற்றை மாட்டுகிற கட்டுத்தறி.

சமாசாரம் பழசுதான். பூம்புகார் பக்கம் கீழையூரில் 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, கிறிஸ்துவுக்கு முந்தைய செங்கல் படகுத்துறை ஒன்று கிடைத்தது. கூடவே மரக் கம்பங்கள். படகு கட்டத்தான் என்கிறார்கள். தறியில் கட்டிய இந்த ஊர்ப் படகுகளை, லாயத்துக் குதிரைகளோடு ஒப்பிடுகிறது பட்டினப்பாலை. இங்கிலாந்திலோ பழைய பீரங்கிகளையே மண்ணில் செங்குத்தாகப் புதைத்துக் கயிறு கட்டினார்கள். சண்டை போட்டவருக்கு ரிட்டையரான பிறகு செக்யூரிட்டி வேலை!

இன்றைய பொல்லார்டை காங்கிரீட்டுக்குள் போல்ட் இறக்கி நிறுத்துகிறார்கள். பெரிய கப்பல்களுக்கானது 100 டன் இழுவையைக்கூடத் தாங்கும். எத்தனை டன் என்று அதன் மேலேயே எழுதியும் வைப்பதுண்டு. பி.காம். படித்தவனுக்கு அது கிரெடிட் லிமிட் மாதிரிதான் தெரிகிறது. கப்பலில் கயிறு சுற்றிய வின்ச்சுக்கு பிரேக் உண்டு. கயிறு எவ்வளவு பளுவில் அறுமோ, அதில் 60 சதவிகிதம் வந்ததுமே வழுக்கிக் கொடுக்கும்படி அதை வைப்பது வழக்கம். முறுக்கிக்கொண்டே நின்றால் கயிறு அறும். அறுந்த நைலான் கயிறு சாட்டையாகத் திரும்பி வரும். எத்தனையோ பேரின் கால்களையும் உயிரையும் அது வாங்கியிருக்கிறது.

ஒரே பொல்லார்டில் இரண்டு கப்பல் கட்ட வேண்டியிருந்தால்? பின்னால் வந்தவன் தன் கயிற்று வளையத்தை முதல் வளையத்தின் மேல் சும்மா போட்டுவிட்டால், கீழே இருப்பவன் முதலில் கிளம்ப முடியாது. அதனால் தன் வளையத்தை முதல் வளையத்துக்குள் கீழிருந்து நுழைத்து, மேலே எடுத்து, பிறகுதான் தறியில் மாட்டுவார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் முதலில் போகலாம். அடுத்தவர் கயிற்றை அவிழ்க்க வேண்டியதில்லை. பாங்க்கில் 'ஐதர் ஆர் சர்வைவர்' கணக்கு தெரியுமல்லவா, கிட்டத்தட்ட அதுதான். ஒரே பத்திரத்தில் பெயர் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு அலையும் அண்ணன் தம்பிகள் கொஞ்சம் பார்க்கலாம்.

கட்டிப்போட்டால் பத்திரம் என்பது நம் எண்ணம். கடல் அப்படி நினைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் சென்னைத் துறைமுகத்திலேயே கப்பல்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு மோதிக்கொண்டன. அதே அலை ஓமன் நாட்டு சலாலா துறைமுகத்தில் 285 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றை அத்தனை கயிற்றிலிருந்தும் பிய்த்து, மணிக்கணக்கில் அலைக்கழித்து, கடைசியில் மணல்திட்டில் கொண்டுபோய்ச் சொருகியது.

சுனாமி சொல்லிக்கொண்டு வரவில்லை. புயல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. அதனால், பெரிய புயல் என்று தெரிந்ததுமே சென்னையில் கரையோரம் நிற்கும் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கட்டிக்கிடந்தால் கரையில் இடித்து இடித்தே கப்பலும் போகும், கரையும் போகும். நடுக்கடலில் ஆடினாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் பொல்லார்டில் மாட்டிய வளையத்தைக் கப்பலில் இருந்தபடி கழற்ற முடியாது. கரையில் ஓர் ஆள் வேண்டும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு டி.வி.யில் புயல் எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, துறைமுகத் தொழிலாளர்கள் சிலர் காற்றிலும் மழையிலும் கரையோரம் நிற்கிறார்கள். கப்பலிலிருந்து 'லெட் கோ' என்று உத்தரவு வரும். கனத்த ஈரக் கயிற்றை இரண்டு மூன்று பேராகத் தூக்கிக் கழற்றிக் கடலில் விடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் வீட்டுக்குக் கிளம்ப முடியும். பஸ் இருந்தால்.