தெருமுனையில் நிற்கும் ஆண்கள்

குளோரியா நெய்லர் 1982இல் ஒரு முட்டுச்சந்தைப் பற்றி நாவல் எழுதினார். 'த விமன் ஆஃப் ப்ரூஸ்டர் பிளேஸ்' என்று பெயர். அமெரிக்காவின் வடபகுதியில் பெயர் சொல்லாத ஏதோ ஒரு நகரம், அதில் ஒரு கோடியைச் சுவர் வைத்து அடைத்துவிட்ட ஒரு தெரு, அந்தத் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஏழு கறுப்பினப் பெண்கள். அடுத்த ஆண்டே முதல் நாவலுக்கான தேசியப் புத்தக விருது அதற்குக் கிடைத்தது. 1989இல் ஓப்ரா வின்ஃப்ரே நடித்துத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

அதைப் படித்தால் ஆண்கள்மேல் ஆத்திரம் வராமல் இருக்காது. மேட்டி என்ற தாய் தன் வீட்டையே ஜாமீனாகக் கட்டி மகன் பேசிலை வெளியே எடுக்கிறாள். அவன் விசாரணைக்குப் போகாமல் ஓடிவிடுகிறான். வீடு போய்விடுகிறது. யூஜின் மனைவியிடம் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த அறையில் அவர்களுடைய குழந்தை முள்கரண்டியை மின்சாரத் துளைக்குள் விட்டுச் செத்துப்போகிறது. சி.சி. பேக்கர் என்கிற தெருப்பொறுக்கி தன் கூட்டத்தோடு ஒரு பெண்ணுக்குச் செய்ததை இங்கே விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டடத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் கிழவன் பென் ஒருவன்தான் கொஞ்சம் ஈரம் உள்ளவன். அவனும் குடிகாரன். அவனும் கடைசியில் கொல்லப்படுகிறான்.

அதே 1982இல்தான் ஆலிஸ் வாக்கரின் 'த கலர் பர்பிள்' வந்தது. மூன்று வருடம் கழித்து அது சினிமாவானபோது, கறுப்பின ஆண்களை மிருகங்களாகக் காட்டிவிட்டார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது. நெய்லரும் அந்தக் குற்றச்சாட்டைச் சுமக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஊரே குற்றவாளி என்று பார்க்கும் ஒருவனை அவன் வீட்டுப் பெண்ணும் சேர்ந்து காட்டிக்கொடுக்கலாமா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. நியாயமான கேள்வியாக எனக்குப் படவில்லை. அடி வாங்குகிறவள் அடிக்கிறவனுடைய வரலாற்றை விசாரித்துவிட்டுத்தான் அழ வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ஆனால் நெய்லருக்கே அந்த ஆண்கள் மனதில் நெருடியிருக்க வேண்டும். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1998இல், அதே தெருவுக்குத் திரும்பி வந்து 'த மென் ஆஃப் ப்ரூஸ்டர் பிளேஸ்' எழுதினார். முதல் புத்தகத்தில் செத்துப்போன பென்னை எழுப்பிக் கொண்டுவந்து கதைசொல்லி ஆக்கினார். ஒரு நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, கேட்பதற்கு யாருமில்லை. பேசில் இப்போது இரண்டு வேலை பார்த்து, அம்மாவுக்கு வீட்டின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க டாலர் டாலராகச் சேர்க்கிறான். கொடுப்பதற்குள் அவள் இறந்துவிடுகிறாள். யூஜின் ஏன் வீட்டில் நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருந்தான் என்பதற்கு, தன் பாலியல் நாட்டம் ஆண்களிடம் என்பதை அவன் யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தது காரணமாக வருகிறது. பென்னின் கதை அடிமை முறையைக் கண்ணால் கண்ட அவன் தாத்தாவிலிருந்து தொடங்குகிறது. சி.சி. பேக்கருக்குக்கூடப் போலீஸ் விசாரணை அறையில் ஓர் அத்தியாயம் கிடைக்கிறது. ஊரை விற்றுப் பிழைக்கும் பாதிரியார் மோர்லண்ட் வுட்ஸும், எல்லோரும் கூடி அரட்டையடிக்கும் முடிதிருத்தும் கடையும் உண்டு.

இந்த இரண்டாவது புத்தகத்தை நான் அவ்வளவாக விரும்பவில்லை என்பதை மறைப்பானேன். ஒவ்வொரு ஆணும் கூண்டில் ஏறி, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லிவிட்டு இறங்குகிறான். நெய்லர் நல்ல வக்கீல். இரக்கம் உள்ள வக்கீல். ஆனால் வக்கீலுக்குக் கட்சிக்காரனுடைய கடந்த காலம்தான் வேண்டும்: எங்கே பிறந்தான், யார் அடித்தார்கள், எதைப் பார்த்துக் கெட்டுப்போனான். பேசிலின் அத்தியாயத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. மற்ற இடங்களில் அடுத்து என்ன விளக்கம் வரும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. விதிவிலக்கு ஜெரோம். மூளை வளர்ச்சி குன்றிய, பியானோ மட்டும் வாசிக்கத் தெரிந்தவன். அவனுக்குச் சொல்ல விளக்கம் எதுவும் கிடையாது. அதனாலேயே அவன் அந்தப் புத்தகத்தில் முழுதாக உயிரோடு இருக்கிறான்.

கறுப்பின ஆணைக் காரணங்களின் கூட்டுத்தொகையாகப் பார்க்கும் வழக்கம் இலக்கியத்தில் பிறந்ததல்ல, அரசாங்கத்தில் பிறந்தது. 1965இல் தொழிலாளர் துறை அதிகாரியாக இருந்த டேனியல் பாட்ரிக் மாய்னிஹான் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தந்தை இல்லாத வீடுகள்தான் அந்தச் சமூகத்தின் சிக்கலுக்கு நடுமுடிச்சு என்பது அதன் சாரம். வேலையின்மையைப் பற்றியும் அடிமை முறையைப் பற்றியும் அதில் நிறையவே எழுதியிருந்தார். ஆனால் நாட்டின் காதில் விழுந்தது 'ஓடிப்போன அப்பன்' என்ற ஒன்றுதான். மாய்னிஹானின் சொந்தத் தந்தையும் குடும்பத்தை விட்டுப் போனவர்தான் என்பது உபரித் தகவல்.

இரண்டு வருடம் கழித்து எலியட் லீபோ என்ற மானுடவியலாளர் 'டாலிஸ் கார்னர்' என்ற சிறிய புத்தகத்தை வெளியிட்டார். வாஷிங்டன் நகரத் தெருமுனை ஒன்றில் வேலைவெட்டி இல்லாமல் நிற்பதாகத் தோன்றும் கறுப்பின ஆண்களோடு 1962, 63இல் கூடவே நின்று எழுதியது. அதில் ஒரு காட்சி வரும். காலையில் ஒருவன் சரக்குவண்டி ஓட்டிக்கொண்டு வந்து, கூலி வேலைக்கு வருகிறீர்களா என்று தெருவில் நிற்பவர்களைக் கேட்டுக்கொண்டே போகிறான். ஒவ்வொருவரும் தலையசைத்து மறுக்கிறார்கள். சோம்பேறிப் பயல்கள் என்று நினைத்துக்கொண்டு அவன் போய்விடுகிறான். லீபோ அங்கேயே நின்று பார்க்கிறார். ஒருவன் ராத்திரி வேலை முடித்து வந்தவன். இன்னொருவனுக்கு அன்று வார விடுமுறை. கட்டட வேலைக்காரன் ஒருவன், மழையில் மண் ஊறிப்போனதால் வேலை நின்று வீட்டுக்கு வந்தவன். வேலை செய்யவே பிடிக்காதவர்களும் சிலர் உண்டு, அவர்களையும் லீபோ ஒளித்து வைக்கவில்லை. அமெரிக்கச் சமூகவியலில் எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பக்கங்கள் குறைவு. ஒரு சிறுகதைக்காரன் செய்ய வேண்டியதை அவர் செய்திருந்தார்.

அதே வாஷிங்டனில், அந்தத் தெருக்களுக்குள்ளேயே வளர்ந்த ஒரு சிறுகதைக்காரர் இருக்கிறார். எட்வர்ட் பி. ஜோன்ஸ். நெய்லரும் இவரும் 1950இல் பிறந்தவர்கள். நெய்லரின் தாய் மிசிசிப்பியில் பருத்தி விளைவித்த குத்தகைக் குடும்பத்துப் பெண், வாசிப்புப் பித்து பிடித்தவர். கறுப்பர்களைப் பொது நூலகத்துக்குள் விடாததால், சனிக்கிழமைகளில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்ப் புத்தகம் வாங்கியவர். ஜோன்ஸின் தாய்க்கு எழுதப் படிக்கவே தெரியாது. பாத்திரம் கழுவிப் பிள்ளைகளை வளர்த்தார். வாடகை கட்ட முடியாமல் வீடு மாறி வீடு மாறியே ஜோன்ஸின் பிள்ளைப்பருவம் கழிந்தது. இவருடைய கதைகளில் தெருப் பெயர்கள் அத்தனை துல்லியமாக வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எம் தெரு, நியூ ஜெர்சி அவென்யூ, மிர்ட்டில் தெரு. வெள்ளை மாளிகையும் லிங்கன் மண்டபமும் ஒருவர் கண்ணிலும் படாத வாஷிங்டன் இது.

'லாஸ்ட் இன் த சிட்டி' 1992இல் வந்தது, 14 கதைகள். ஜேம்ஸ் ஜாய்ஸ் தன் சிறுகதைகளில் டப்ளின் நகரத்துக்குச் செய்ததை ஜோன்ஸ் தன் ஊருக்குச் செய்ய நினைத்தார். முதல் கதை புறா வளர்க்கும் ஒரு சிறுமியைப் பற்றியது. அவள் பிறந்தபோதே தாய் இறந்துவிட்டாள். தந்தை ராபர்ட் இளைஞன். குழந்தையை அவன் யார் கையிலாவது கொடுத்துவிடுவான் என்றுதான் அக்கம்பக்கம் எதிர்பார்க்கிறது. அவன் கொடுக்கவில்லை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போகிறான். மகள் கேட்டாள் என்று மொட்டைமாடியில் புறாக்கூண்டு கட்டுகிறான். அவளுக்கு முன்பே எழுந்து போய்க் கூண்டைப் பார்க்கிறான். ராத்திரியில் ஏதாவது புறா செத்துக் கிடந்தால் அது அவள் கண்ணில் படக் கூடாது. ஒருநாள் எலிகள் புகுந்துவிடுகின்றன. அந்தத் தெருவும் ரயில்வேக்காரர்கள் வாங்கி வாங்கிக் காலியாகிக்கொண்டிருக்கிறது.

மாய்னிஹான் அறிக்கைக்கு இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லிவிட முடியாது. ஜோன்ஸ் அதைப் பதிலாகச் சொல்லவும் இல்லை. விடியற்காலையில் மாடிப்படி ஏறும் ஒரு தகப்பனை எழுதினார், அவ்வளவுதான்.

இந்தக் கதையின் முதல் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பல வருடங்கள் கழித்து, வயதான ராபர்ட் பேசுவதாக அது தொடங்குகிறது. நடுராத்திரியில் சமையலறை ஜன்னல் ஏறிப் புறாக்களைப் பார்க்க நீ போனதே இல்லை, அதெல்லாம் நீ கண்ட கனவு என்று மகளிடம் சாதிக்கிறார். கதை தொடங்கும் முன்னாலேயே நமக்கு ஒன்று தெரிந்துவிடுகிறது: இந்த அப்பன் எங்கும் ஓடிப்போகப்போவதில்லை, கிழவனாகி மகளோடு பழங்கதை பேசி வழக்காடப்போகிறான். ஜோன்ஸ் இதை எல்லாப் புத்தகங்களிலும் செய்கிறார். ஓரமாக வந்துபோகும் ஒருவனைப் பற்றிக்கூட, முப்பது வருடம் கழித்து அவன் எங்கே இருப்பான், யாரை நினைத்துக்கொள்வான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். ஆரவாரம் இல்லாத குரல். அசோகமித்திரனைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது. அறிக்கைகளும் செய்தித்தாள்களும் இந்த ஆண்களுக்குக் கடந்த காலத்தை மட்டும்தான் தந்தன. ஜோன்ஸ் எதிர்காலத்தைத் தந்தார்.

அவருடைய எல்லா ஆண்களும் ராபர்ட் மாதிரி உத்தமர்கள் இல்லை. 'யங் லயன்ஸ்' கதையின் சீசர் மேத்யூஸ் திருடன். மூளைத்திறன் குறைந்த ஒரு பெண்ணை ஏமாற்றிப் பணம் பறிப்பவன். அவனை வெறுத்துக்கொண்டேதான் கதையை முடித்தேன். ஜோன்ஸும் 14 ஆண்டு கழித்துத் தன் தெருவுக்குத் திரும்பினார். 2006இல் வந்த 'ஆல் ஆன்ட் ஹேகர்ஸ் சில்ட்ரன்' தொகுப்பில் ஒவ்வொரு கதைக்கும் முதல் தொகுப்பின் ஒரு கதையோடு ஏதோ ஓர் உறவு உண்டு. 'ஓல்ட் பாய்ஸ், ஓல்ட் கேர்ள்ஸ்' கதையில் சீசர் கொலைக் குற்றத்துக்காக லார்ட்டன் சிறையில் இருக்கிறான். விடுதலையாகி, அறை அறையாக வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் ஒண்டிக்கொள்கிறான். அண்ணன் தம்பி உறவெல்லாம் ஒட்டவில்லை. முன்பு அவனோடு வாழ்ந்த இவான் அதே வீட்டில், அவனை அடையாளம் தெரியாதவள்போல இருக்கிறாள். ஒருநாள் அவள் இறந்துகிடக்கிறாள். சீசர் அந்த அறையைக் கூட்டித் துடைத்து, அவள் உடம்பைக் கழுவி, நல்ல உடை உடுத்திவிட்டுக் கிளம்பிப் போகிறான். ஏன் செய்தான் என்று ஒரு வரிகூட இல்லை. அவன் கொலைகாரன் என்பதை நாம் மறக்கவும் இல்லை, இனி அவனை அந்த ஒரு சொல்லால் மட்டும் கூப்பிடவும் முடிவதில்லை.

நெய்லர் திரும்பி வந்தது, முன்பு நடந்தது ஏன் என்று சொல்ல. ஜோன்ஸ் திரும்பி வந்தது, பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல. இரண்டில் எது இலக்கியத்தின் வேலை என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

லார்ட்டன் சிறையை நான் பார்த்திருக்கிறேன், வேறு உருவத்தில். அக்கா மகன் வர்ஜீனியாவில் ஃபேர்ஃபேக்ஸ் பக்கம் இருக்கிறான். அவன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனான். வாஷிங்டன் நகரத்துக் கைதிகளைப் பல தலைமுறைகளாக அடைத்துவைத்த அந்த வளாகம் 2001இல் மூடப்பட்டது. ஒரு பகுதி கலைக்கூடமாகிவிட்டது, பானை வனைகிறார்கள், ஓவியம் விற்கிறார்கள். இன்னொரு பகுதியில் பழைய செங்கல் கட்டடங்களை அப்படியே வைத்துக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருக்கிறது. அதன் பெயர் 'லிபர்ட்டி'. "ஜெயிலா இருந்தது மாமா. இப்ப இங்க வாடகையக் கேட்டீங்கன்னா மயக்கம் போட்டுருவீங்க" என்றான். சீசர் மாதிரி ஆட்கள் வெளியே வந்தால் எந்தத் தெருவில் அறை எடுப்பார்கள் என்று கேட்டேன். நகரத்தில் அந்தத் தெருக்களும் இப்போது விலை ஏறிவிட்டன என்றான். அவன் சொன்னது சரிதான். ஒரு காலத்தில் பத்துக்கு ஏழு பேர் கறுப்பர்களாக இருந்த வாஷிங்டனில் 2011 வாக்கில் அவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். வாடகை உயர்ந்ததும் பலர் மேரிலாந்துப் புறநகர்களுக்குப் போனார்கள்.

நம் ஊரில் கறுப்பினத் தெரு என்றால் சினிமாவில் பார்த்த துப்பாக்கியும் தங்கச் சங்கிலியும் காரில் அதிரும் பாட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதைத் தாண்டிப் படிக்க விரும்புகிறவர்கள் ஜோன்ஸின் புறாக் கதையிலிருந்து தொடங்குங்கள். அடுத்து அதே தொகுப்பில் 'த ஸ்டோர்': மளிகைக்கடையில் வேலைக்குச் சேரும் ஓர் இளைஞன் வேலையோடு சேர்ந்து வளர்கிற கதை. பிறகு சீசரின் இரண்டு கதைகளையும் எழுதப்பட்ட வரிசையிலேயே படியுங்கள். நெய்லரின் ஆண்கள் புத்தகத்தை, பெண்கள் புத்தகத்தைப் படிக்காமல் தொட வேண்டாம். ஜெரோமையும் பேசிலையும் மட்டும் படித்துவிட்டு மூடிவைத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.