ஊறுகாய்ப் பந்தும் உல்லன் பந்தும்

போன மே மாதக் கடைசியில் பேரன் சோழிங்கநல்லூரிலிருந்து லீவுக்கு வந்தான். பையைத் திறந்து, சப்பாத்திப் பலகைக்குக் கைப்பிடி வைத்தது போன்ற நாலு மட்டைகளையும், உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பந்தையும் திண்ணையில் பரப்பினான். பெயர் பிக்கிள்பால் என்றான். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மைத்துனர், "ஊறுகாய்க்கு எதுக்குடா பந்து?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஊறுகாய்ப் பந்து என்றே பெயர்.

எனக்கு அது புதிதில்லை. மகன் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரே ஒரு டென்னிஸ் திடல் இருந்தது. காலையில் இரண்டு பேர், சாயங்காலம் நாலு பேர் ஆடுவார்கள். அதே வேலிக்குள் இப்போது நாலு பிக்கிள்பால் களம். களத்துக்கு நாலு பேர் என்றால் ஒரே நேரத்தில் பதினாறு பேர். இதை முடிவு செய்த சங்கக் கூட்டத்தில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டென்னிஸ்காரர்கள் விடவில்லை. அந்தப் பந்து போடும் டொக் டொக் சத்தத்தில் தூங்க முடியாது, விளையாட்டின் மரியாதையே போய்விடும் என்றெல்லாம் பேசினார்கள். சத்தம் நிஜம்தான், அமெரிக்காவிலேயே இதற்காகச் சண்டை நடக்கிறது. கடைசியில் அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாள் எழுந்து, "இந்தத் திடலுக்கு நானும்தான் மாசாமாசம் பணம் கட்டறேன். ஆறு வருஷமா ஒரு நாள் உள்ளே கால் வெச்சதில்லை" என்றார். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எனக்கு என்னவோ புதுச்சேரி ஞாபகம் வந்துவிட்டது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பா ஒரு கிளப்பில் வேலையாள். 1962-இல் பிரெஞ்சுக் கொடி சட்டப்படி இறங்கிய பிறகும் அந்தக் கிளப்பின் டென்னிஸ் திடலில் எதுவும் மாறவில்லை. ஆடியவர்கள் ஆடினார்கள், நாங்கள் இரண்டு மூன்று பையன்கள் பந்து பொறுக்கினோம். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அவர் தென்காசிக்காரர் என்று அப்பா சொன்ன அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. ஆனால் ஒரு நாள்கூட நான் மட்டையைத் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் வேறு வேடிக்கை. டென்னிஸின் தாய் பிரான்சில் ஆடிய 'ழெ தெ போம்', அதாவது உள்ளங்கை ஆட்டம். முதலில் கையால் அடித்தார்கள், மட்டை பிறகு வந்தது. டென்னிஸ் என்ற பெயரே 'தெனே', 'இந்தா பிடி' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 1789 ஜூன் 20 அன்று வெர்சாயில் மூன்றாம் வகுப்புப் பிரதிநிதிகளின் மண்டபம் மூடிக் கிடந்தது. அவர்கள் பக்கத்திலிருந்த பந்தாட்டக் கூடத்துக்குள் போய்ச் சபதம் எடுத்தார்கள். இதை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, சாயங்காலம் வேலிக்கு வெளியே பந்து பொறுக்கப் போவேன்.

பிறகு புதுச்சேரி அரசிலேயே குமாஸ்தா ஆனேன். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. கல்யாணம் ஆனது பழையசீவரத்தில். தலைப்பொங்கலுக்கு மாமனார் வீடு வந்தபோதுதான் நான் முதன்முதலாக மட்டை பிடித்தேன்.

மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு இந்த மலைக்கு எழுந்தருளுவார். ஊரே நிரம்பும். மறுநாள் காணும் பொங்கல், பனைமரத்துப் பக்கத்துத் திடலில் பூப்பந்துப் போட்டி. பால் பாட்மின்டன் என்றால் உங்களில் பலருக்கு உடனே புரியும். பக்கத்துக்கு ஐந்து பேர். எங்கள் ஊர் அணியில் ஒருவனுக்குக் காய்ச்சல். மைத்துனர் (அப்போது இருபத்து நாலு வயது) என்னைப் பார்த்து, "மாமா, சும்மா நில்லுங்க போதும்" என்று கையில் மட்டையைத் திணித்துவிட்டார். புது மாப்பிள்ளை, புது வேட்டி. மஞ்சள் உல்லன் பந்து தரையைத் தொட்டால் புள்ளி போச்சு. டென்னிஸில் வொலே ஒரு வகை அடி, இங்கே எல்லாமே வொலே. எங்கள் காலத்தில் 29 புள்ளி ஆட்டம், பிறகு 35 ஆக்கினார்கள். அன்று தோற்றோம். பாதிக்குமேல் என்னால் போனது. ஆனாலும் அடுத்த வருஷமும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தஞ்சாவூர் அரச குடும்பத்தில் 1856 வாக்கில் ஆடியதாகச் சொல்லும் ஆட்டம் அது. அரண்மனையில் பிறந்தது எப்படிப் பனைமரத்தடிக்கு வந்தது? காரணம் சுலபம். 24 மீட்டருக்கு 12 மீட்டர் மண் தரை, இரண்டு கம்பு, ஒரு வலை, பத்து பேர். தாசில்தார் டென்னிஸ் ஆடிய ஊர்களில் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் இதை ஆடினார்கள். இன்று பிக்கிள்பால் பரவுவதற்கும் அதே காரணம்தான் என்று எனக்குப் படுகிறது. 1965-இல் அமெரிக்காவில் ஒரு தீவு வீட்டில், வீட்டாருக்குப் பொழுது போக வேண்டும் என்று உண்டாக்கிய ஆட்டம். களம் 44 அடிக்கு 20 அடி, பாட்மின்டன் இரட்டையர் களத்தின் அளவேதான். 11 புள்ளி. கண்ணாடிச் சுவருக்குள் ஆடும் பாடெல் என்று இன்னொன்றும் வந்திருக்கிறது. அதற்குச் செலவு அதிகம், நம் ஊருக்கு வராது.

புது ஆட்டம் வந்து பழையதை விழுங்கிவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. எங்கள் பூப்பந்தைக் கொன்றது எந்த ஊறுகாயும் இல்லை.

அந்தத் திடல் புறம்போக்கு. ஐம்பது வருஷம் ஆடியும் ஒரு ஏட்டிலும் விளையாட்டுத் திடல் என்று ஏறவில்லை. நான் ஓய்வு பெற்று இங்கே வந்து குடியேறிய மறு வருஷம் அங்கே கட்டடம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. மைத்துனர் மூன்று முறை வந்தார். "மாமா, உங்களுக்குத்தான் எழுதத் தெரியும். ஒரு மனு எழுதிக் கொடுங்க." நான் ஆகட்டும் ஆகட்டும் என்றேன். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவன் மனுவைப் படித்தவனுக்கு இன்னொரு மனுவா என்று ஒரு சலிப்பு. கடைக்கால் தோண்டிய அன்று அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகும் இது பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

மே மாதத்துக்கு வருகிறேன். நெல் அறுவடை முடிந்து உலர்களம் காலியாகக் கிடந்தது. பேரனும் ஊர்ப் பையன்களும் சாக்கட்டியால் கோடு போட்டார்கள். வலைக்குப் பதில் கயிற்றில் பழைய வேட்டி. வலையை ஒட்டிய ஏழு அடியைக் 'கிச்சன்' என்பார்களாம், அதற்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. "ஊறுகாய்னா சமையல்கட்டு இல்லாமலா?" என்றார் மைத்துனர். பையன்கள் சிரித்து அவர் கையிலும் ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது அவருக்கு. என் தங்கை மாதிரியான அவர் மனைவி வாசலிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். பந்து வந்ததும் பழைய வழக்கத்தில் தரையில் படவிடாமல் அடித்துவிட்டார். "தாத்தா, சர்வீஸை ஒரு தரம் தரையில குத்த விடணும்!" என்றான் பேரன். "தரையில பட்டா போச்சு இல்லடா?" என்று என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பத்து நிமிஷம் ஆடினார். மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா அடுத்த அறுவடைக்கு நெல் வந்துடுமே, அப்ப பசங்க எங்க போவாங்க?" என்றார்.

அன்று இரவே எழுதினேன். உலர்களத்தை அடுத்து முள் மண்டிக் கிடக்கும் புறம்போக்கில் ஒரு பகுதியை விளையாட்டுத் திடல் என்று ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதில் ஒரு பூப்பந்துக் களம், ஒரு பிக்கிள்பால் களம். அளவுகளை மீட்டரிலும் அடியிலும் போட்டேன். ஊரில் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து மைத்துனருடையது. படித்துப் பார்க்காமலே போட்டார்.

மனுவைக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம் என்பது எனக்குத் தெரியும். நேற்று மைத்துனர் பரணிலிருந்து தன் பழைய மட்டையை இறக்கிக் கொண்டுவந்தார். மரம் நன்றாக இருக்கிறது, நரம்புதான் ஒன்றும் மிச்சமில்லை. காஞ்சிபுரத்தில் யாராவது இன்னும் கட்டிக் கொடுக்கிறார்களா என்று திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.