ஒன்றரை மணி ஆட்டம்

பொன்மலை
2.9.2020

அன்பு மகன் கதிருக்கு,

பெரியப்பா எழுதுவது. ராத்திரி ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அமெரிக்கக் கூடைப்பந்து பார்க்க டி.வி. முன்னால் உட்கார்ந்தாயாம், ஆட்டமே நடக்கவில்லையாம், மறுநாள் முழுக்க உர்ரென்று இருந்தாயாம். உன் அப்பா சொன்னான். "கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எதற்கு இந்தப் போராட்டம்?" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் தட்ட எனக்கு வராது, அதனால்தான் இந்தக் கடிதம்.

பேப்பரில் எல்லாம் 'புறக்கணிப்பு' என்று போட்டிருந்தார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ரசிகன் டிக்கெட் வாங்க மாட்டேன் என்றால் புறக்கணிப்பு. வேலைக்காரன் வேலைக்கு இறங்க மாட்டேன் என்றால் ஸ்டிரைக். இந்த ஆட்டக்காரர்கள் ஒப்பந்தத்திலேயே ஸ்டிரைக்குக்குத் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் ஆகஸ்ட் 26 அன்று மில்வாக்கி பக்ஸ் அணி ஆட்கள் மற்ற அணிகளிடம்கூடச் சொல்லாமல் உடைமாற்றும் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏன் முதலில் இவர்கள்? கெனோஷா என்ற ஊர் மில்வாக்கிக்குப் பக்கம்; நமக்குத் தஞ்சாவூரைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம். 23ஆம் தேதி அங்கேதான் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பரைப் போலீஸ்காரர் பின்னாலிருந்து ஏழு முறை சுட்டார். பிள்ளைகள் காருக்குள் இருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. அதே அணியின் ஸ்டெர்லிங் பிரவுனை 2018 ஜனவரியில் மில்வாக்கி போலீஸ் ஒரு மருந்துக்கடை வாசலில் தரையில் தள்ளி, டேசர் துப்பாக்கியால் மின்சாரம் பாய்ச்சியது. காரைத் தப்பாக நிறுத்தினார் என்பதில் ஆரம்பித்த விவகாரம். கோடிச் சம்பளம் அங்கே எதற்கு உதவியது, சொல்லு?

கதவை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்கள் மாநிலமான விஸ்கான்சினின் அட்டர்னி ஜெனரலுக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறார்கள். பிறகு அணியின் ஜார்ஜ் ஹில்லும் அந்தப் பிரவுனும் வெளியே வந்து, விஸ்கான்சின் சட்டமன்றம் கூட வேண்டும் என்று அறிக்கை வாசித்தார்கள்.

எனக்குப் பிடித்தது எதிரணிதான். ஓர்லாண்டோ மேஜிக், வராதவன் தோற்றான் என்று வெற்றியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வேண்டாம் என்றுவிட்டார்கள். கருங்காலி ஆகவில்லை! அன்றைய மற்ற இரண்டு ஆட்டங்களும் நின்றன. டென்னிஸில் நவோமி ஒசாகா அரையிறுதி ஆட மாட்டேன் என்றாள், போட்டியையே ஒரு நாள் நிறுத்தினார்கள். அவளுக்கு அணியும் கிடையாது, தனி ஆள்.

மூன்றே நாளில் திரும்பிவிட்டார்களே என்றும் கேட்டிருந்தாய். ஆமாம். ஆனால் மைதானங்களை வாக்குச்சாவடி ஆக்கலாம் என்று அணி முதலாளிகளை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். சட்டமன்றமோ நேற்று முன்தினம் கூடி, உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் கலைந்துவிட்டது. 74 மே மாதம் ரயில்வே ஸ்டிரைக்கில் நாங்களும் இருபது நாள் நின்றுவிட்டு, கேட்டது எதுவும் கிடைக்காமல்தான் ஒர்க் ஷாப் கேட்டுக்குள் நுழைந்தோம். அன்று உன் தாத்தா என்னிடம் பேசவே இல்லை. இப்போது நீ உர்ரென்று இருக்கிறாய்.

நின்றுபோன ஆட்டத்தை 29ஆம் தேதி ஆடி பக்ஸ் ஜெயித்ததாமே. பார்த்தாயா? பிரவுன் எப்படி ஆடினான் என்று எழுது.

அன்புடன்,
பெரியப்பா