குடத்தில் இடப்படாத பெயர்கள்

ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோவில் சுவர்களில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விளக்குகின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை. சூழ்ச்சிக்கு வழியின்றி அமைந்த அம்முறை, ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் வியப்பூட்டுகிறது.

எனினும், அக்குடத்துள் எவர் பெயர்கள் இருந்தன? சொந்த நிலமும் மனையும் மறைக்கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர் பெயர்களே இருந்தன. ஏரிநீரை நம்பி உழுதவர் பெயர் இல்லை. நாற்று நட்ட பெண்ணின் பெயரும் இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குடத்தில் இடப்படாத பெயர் வெளிவருவதில்லை.

காலம் அக்குடத்தின் வாயை அகலப்படுத்தியது. 1992 ஆம் ஆண்டின் 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. தமிழ்நாடு 2016 இல் அதனை 50 விழுக்காடாக உயர்த்தியது.

இன்று ஊரின் வாழ்வை ஊராட்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. வங்கிக் கணக்கு, மருத்துவம், கல்வி, வேலை அனைத்தும் மென்பொருளின் வழியே நடைபெறுகின்றன. அதே மாவட்டத்துத் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் மின்னணு ஆலைகளில் இளம்பெண்கள் பலர் கருவிகளைப் பொருத்துகின்றனர். அக்கருவி எவ்வாறு இயங்க வேண்டும் என முடிவெடுக்கும் மேசையில் அவர்களைப் போன்றோர்க்கு இடமுண்டா என்பதே இக்காலத்துக் குடவோலைக் கேள்வி.

இடமில்லாவிடில் விளைவது என்ன? அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்ற சாய் புவலம்வினி என்னும் கறுப்பினப் பெண், முகமறியும் மென்பொருள் ஒன்று தம் முகத்தைக் காணாததையும், வெள்ளை முகமூடி அணிந்ததும் கண்டுகொண்டதையும் உணர்ந்தார். அவரும் திம்னித் கெப்ருவும் 2018 இல் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஆராய்ந்தனர். முகத்தைக் கொண்டு பாலினம் கணிப்பதில், வெளிர்நிற ஆடவரிடம் ஏற்பட்ட பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை உயர்ந்தது. எந்திரத்திற்கு வன்மம் இல்லை. தனக்குக் காட்டப்பட்ட முகங்களையே அது கற்றது. குறையைக் கண்டவர், அக்குறையால் மறைக்கப்பட்டவரே.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எழுத்தைப் படித்துக் காட்டும். பொத்தானில் படம் மட்டும் இருந்து, அதற்குரிய பெயர் மென்பொருளில் எழுதப்படாவிடில், அதன் பயனை அக்கருவியால் தெளிவாகக் கூற இயலாது. பார்வையற்ற பொறியாளர் ஒருவர் குழுவில் இருப்பின், அப்பிழை முதல்நாளிலேயே வெளிப்படும்.

‘எல்லாரையும் சேர்த்தால் தகுதி குறையாதா?’ எனச் சிலர் வினவுவர். பயன்படுத்துவோரை அறியாத கருவி குறையுடைய கருவி. அவர்களை அறிந்திருப்பதும் தகுதியே. தமிழ்வழியில் பயின்றவர், சிற்றூரில் வளர்ந்தவர், மாற்றுத்திறனாளி, திருநர் ஆகிய ஒவ்வொருவரும் பிறர் காணாத ஒன்றைக் கண்டிருப்பர். ஆனால், பணியில் அமர்த்துவது மட்டும் போதாது. கூட்டத்தில் அவர்தம் சொல் கேட்கப்பட வேண்டும். தவற்றைச் சுட்டிக்காட்டும் துணிவு தண்டிக்கப்படாதிருக்க வேண்டும். பன்முகத்தன்மை பெயரைக் குடத்தில் இடுகிறது. உள்ளடக்கும் பண்பு அப்பெயருக்குக் குரல் தருகிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு, தேர்ந்தெடுக்கும் கை நேர்மையாக இருக்க வேண்டும் என்று கற்பித்தது. குடத்தில் இடப்படாத பெயர்களைத் தேடிச் சேர்ப்பது, நாளைய கருவிகளை உருவாக்கப்போகும் இளைய தலைமுறையின் கடமையாகும்.